தொலைவில் நிபுணர், அருகில் செவிலியர்

தொலைமருத்துவம் என்றதும் நம் மனத்தில் ஒரு படம் வரும். கைபேசித் திரையில் ஒரு மருத்துவர். இந்தப் பக்கம் காய்ச்சலோடு ஒரு நோயாளி. கொரோனா ஊரடங்கின்போது நம்மில் பலரும் இப்படி மருத்துவரிடம் பேசியிருப்போம். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் இன்னொரு வகை இணைப்பும் நடந்தது. அதில் திரையின் இரண்டு பக்கமும் மருத்துவப் பணியாளர்களே இருந்தார்கள். ஒரு பக்கம் பெரிய மருத்துவமனையின் நிபுணர். மறுபக்கம் தாலுகா மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவரும் செவிலியரும். நோயாளி படுக்கையில் இருந்தார். பெரும்பாலும் அவர் பேசும் நிலையில்கூட இல்லை.

செய்திகளில் அதிகம் வராத இந்த இரண்டாம் வகையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். மருத்துவத்துக்கும் எனக்கும் உள்ள தொடர்பு, தாலுகா மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கும் என் தங்கை மட்டுமே. அவளிடம் கேட்டதும் பிறகு தேடிப் படித்ததும் சேர்ந்து, ஒன்பதாம் வகுப்பில் இதை ஒரு பாடமாகவே நடத்தும் அளவுக்கு வந்துவிட்டது. நம் ஆசிரியர் வேலைக்கு இது எவ்வளவு நெருக்கமானது என்பது படிக்கப் படிக்கத்தான் எனக்குப் புரிந்தது.

நம் மாநிலத்தின் அரசு மருத்துவ அமைப்பை மாணவர்களுக்கு ஒரு படிக்கட்டாக வரைந்து காட்டலாம். கீழ்ப்படியில் துணை சுகாதார நிலையம், அடுத்து ஆரம்ப சுகாதார நிலையம், பிறகு தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, மேலே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நுரையீரல் நிபுணர், மயக்கவியல் நிபுணர், தீவிர சிகிச்சை நிபுணர் ஆகியோர் பெரும்பாலும் மேல் இரண்டு படிகளில் இருப்பார்கள். சாதாரண நாட்களில் இதில் பெரிய சிக்கல் இல்லை. கீழே முடியாததை ஆம்புலன்ஸில் ஏற்றி மேலே அனுப்பிவிடலாம். பெருந்தொற்று இந்த வழியைத்தான் அடைத்தது. 2021 மே மாதத்தில் மேல்படிகளில் படுக்கை இல்லை. ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளியை ஐம்பது அறுபது கிலோமீட்டர் கொண்டுபோய், அங்கே வாசலில் ஆம்புலன்ஸிலேயே காத்திருக்க வைப்பதைவிட, இருக்கும் இடத்திலேயே பார்ப்பது நல்லதா என்ற கேள்வி ஒவ்வோர் இரவும் எழுந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அனுபவம் கீழ்ப்படியில் இருந்த மருத்துவருக்கு இல்லை. அவர் படித்த பாடப்புத்தகத்தில் அந்த நோயே இல்லை.

இதில் இன்னொரு சிரமமும் இருந்தது. சிகிச்சை முறையே மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டிருந்தது. 2020-இன் தொடக்கத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை மீது பெரும் நம்பிக்கை இருந்தது. ஆய்வுகள் அதைக் கைவிடச் செய்தன. அதே ஆண்டு ஜூன் 16 அன்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு முடிவு வந்தது. டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்து வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் இறப்பை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அந்த மருந்தால் பயன் எதுவும் தெரியவில்லை. ஒரே மருந்து, யாருக்கு, எப்போது என்பதுதான் உயிரைத் தீர்மானித்தது. மறு ஆண்டு கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயோடு ஸ்டீராய்டைத் தேவையின்றிக் கொடுத்ததும் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. இத்தகைய அறிவு, பணியிடைப் பயிற்சிக்கு ஆள் வரவழைத்துச் சொல்லும்வரை காத்திருக்காது. அது கம்பி வழியாகத்தான் போயாக வேண்டும்.

சட்டம் வழிவிட்டது

2020-க்கு முன் தொலைபேசியில் மருந்து சொல்வதற்கு நம் நாட்டு மருத்துவர்கள் தயங்கினார்கள். தெளிவான விதிகள் இல்லை. 2018-இல் மும்பை உயர்நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கு அந்தத் தயக்கத்தை இன்னும் கூட்டியிருந்தது. ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டி வெளியானது. காணொலி, குரல், எழுத்து என மூன்று வழியிலும் ஆலோசனை தரலாம். எந்த மருந்தை எந்தச் சூழலில் எழுதலாம், எதை எழுதவே கூடாது என்றெல்லாம் அதில் வகுத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு விதி. ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் தொலைவிலிருந்து கருத்துக் கேட்டால், கேட்டவரே தொடர்ந்து சிகிச்சை அளிக்கும் மருத்துவர், பொறுப்பும் அவருடையதே. திரையில் இருப்பவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் முடிவெடுப்பவர் படுக்கை அருகில் நிற்பவர்தான்.

இதே காலத்தில் பரவலானதுதான் இ-சஞ்சீவனி. மொகாலியில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்தச் சேவை 2019 நவம்பரில் சுகாதார நிலையத்தையும் மேல்நிலை மருத்துவரையும் இணைப்பதற்காகத் தொடங்கியது. வீட்டிலிருந்தே மருத்துவரைப் பார்க்கும் வசதி 2020 ஏப்ரல் 13-இல் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நாடு முழுவதும் 10 லட்சம் ஆலோசனைகளை அது எட்டியபோது, அவற்றில் 3 லட்சத்துக்கு மேல் தமிழ்நாட்டில் நடந்தவை. பெருமைப்படலாம். ஆனாலும் எண்ணிக்கையை வைத்து மட்டும் ஒரு சேவையை எடைபோட எனக்கு மனம் வருவதில்லை. எமிஸில் பதிவேற்றிய எண்ணிக்கையும் வகுப்பில் நடந்த கற்றலும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியாததா?

கற்றுக்கொடுத்த காணொலிகள்

2020 ஜூலை 8 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், ஒரு காணொலிக் கூட்டத்தைத் தொடங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கொரோனா நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கானது அது. முதலில் ஆயிரம் படுக்கைக்கு மேற்பட்ட 10 மருத்துவமனைகள்; அவற்றில் ஒன்பது மும்பையிலும் ஒன்று கோவாவிலும் இருந்தன. பிறகு அடுத்த அளவிலுள்ள மருத்துவமனைகளுக்கும் விரிந்தது. நிபுணர் உரை கேட்கும் கூட்டமாக மட்டும் அது இருக்கவில்லை. அங்கங்கே இருந்த மருத்துவர்கள் தங்கள் நோயாளியின் நிலையைச் சொன்னார்கள், என்ன செய்தோம் என்றார்கள், எங்கே தடுமாறுகிறோம் என்று கேட்டார்கள்.

கர்நாடகம் வேறு விதமாகச் செய்தது. பெங்களூருவில் ஒரு மையம் அமைத்து, மாவட்ட மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நோயாளிகளை ஒவ்வொருவராக நிபுணர் குழு காணொலியில் தினமும் பார்த்தது. மருத்துவர்கள் வார்டைச் சுற்றி வருவார்களே, அதே சுற்றுதான். நிபுணர் தன் இருக்கையை விட்டு எழவில்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு.

இந்த முறைக்கெல்லாம் ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கல்லீரல் நிபுணராக இருந்த சஞ்சீவ் அரோரா, ஹெபடைடிஸ்-சி நோயாளிகள் தன்னைப் பார்க்கப் பல மாதங்கள் காத்திருப்பதையும், நெடுந்தூரம் பயணம் செய்வதையும் கண்டார். 2003-இல் எக்கோ என்ற திட்டத்தைத் தொடங்கினார். நோயாளிகளை அவர் திரையில் பார்க்கவில்லை. கிராமப்புற மருத்துவர்களை வாரந்தோறும் திரையில் சந்தித்து, அவர்கள் கொண்டுவரும் நோயாளி விவரங்களை எல்லோருமாகச் சேர்ந்து விவாதித்தார். 2011-இல் அதன் முடிவுகள் வெளியாயின. மொத்தம் 407 நோயாளிகள். பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களில் 57.5 சதவீதம் பேருக்கும், கிராம மருத்துவர்களிடம் பெற்றவர்களில் 58.2 சதவீதம் பேருக்கும் கிருமி நீங்கியிருந்தது. நிபுணரிடம் போனாலும் நிபுணரிடம் கற்றுக்கொண்டவரிடம் போனாலும் பலன் ஒன்றுதான்.

குறுவள மையக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும்போது இந்த 58.2 சதவீதம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். எல்லோரும் ஒரு குழந்தையின் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்துப் பேசும் கூட்டமும், படக்காட்சி ஓடி முடிந்ததும் கையெழுத்திட்டுக் கிளம்பும் கூட்டமும் எப்படி ஒன்றாகும்?

ஒரு சிலிண்டர் எத்தனை மணி நேரம்?

இரண்டாம் அலையில் தங்கையின் மருத்துவமனையில் இதெல்லாம் பெரிய ஏற்பாடாக இல்லை. ஒரு கைபேசி, அதைப் பொருத்த ஒரு தாங்கி, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பொது மருத்துவர் ஒருவரின் எண். அவ்வளவே. ஓர் இரவு நெசவுத் தொழிலாளி ஒருவர் வந்தார். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் 86 காட்டியது. அப்போதைய வழிகாட்டுதல்படி 94-க்கு மேல் லேசான பாதிப்பு, 90 முதல் 93 வரை நடுத்தரம், 90-க்குக் கீழ் கடுமையான பாதிப்பு. மேலே அனுப்ப வேண்டியவர். அங்கே படுக்கை இல்லை.

“அண்ணா, அந்த டாக்டர் முதல்ல மருந்து எதுவும் சொல்லல. ‘கேமராவ அவர் நெஞ்சுக்கு நேரா ஒரு நிமிஷம் அசையாம புடிம்மா, மூச்ச நான் எண்ணணும்’னாரு. நானும் கூடவே எண்ணினேன். அவர் 32-ன்னாரு, எனக்கும் 32. அப்புறம்தான் பேசவே ஆரம்பிச்சாரு” என்றாள் தங்கை.

பிறகு நோயாளியைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார். தலையணையை எங்கே வைப்பது என்பதைத் திரையில் பார்த்தே திருத்தினார். ஆக்சிஜன் அளவு 94-க்கு வந்ததும், யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்: “இப்போ ஓட்டத்தைக் குறைங்க.” நோயாளியின் மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. 99 வரை ஏற்றலாமே, ஏன் குறைக்கிறீர்கள் என்று சத்தம் போட்டார். 92-க்கும் 96-க்கும் இடையில் இருந்தால் போதும் என்பதுதான் வழிகாட்டுதல். அதற்கு மேல் ஏற்றுவதால் நோயாளிக்குக் கூடுதல் நன்மை இல்லை. சிலிண்டர் மட்டும் வேகமாகக் காலியாகும்.

எவ்வளவு வேகமாக? இதை நான் வகுப்பில் கணக்காகவே கொடுக்கிறேன். ஆளுயர டி-வகை சிலிண்டரில் ஏறத்தாழ 7,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் 7 மணி 47 நிமிடம். 10 லிட்டர் என்றால் 11 மணி 40 நிமிடம். 5 லிட்டர் என்றால் 23 மணி 20 நிமிடம். மூக்கு வழியாக அதிக வேகத்தில் செலுத்தும் கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் முழு ஆக்சிஜனாகப் போனால் இரண்டு மணி நேரம்கூட வராது. தங்கையின் மருத்துவமனைக்கு மறுநாள் காலையில்தான் சிலிண்டர் வண்டி வரும். வார்டில் அன்று ஆக்சிஜனில் இருந்தவர்கள் பதினொரு பேர். மாணவர்கள் இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும்.

நெசவாளர் ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். அதே வாரத்தில் அதே வார்டில் இருவர் பிழைக்கவில்லை. அவர்களுக்கும் இதே திரைதான், இதே மருத்துவர்தான்.

படம் போதுமா, பேச்சு வேண்டுமா?

தொலைமருத்துவத்துக்கு வேகமான இணையம் வேண்டும் என்று நாம் நினைப்போம். எப்போதும் அப்படியில்லை. நேரலையாகப் பேசுவது ஒரு முறை. படத்தையோ பரிசோதனை முடிவையோ அனுப்பிவிட்டு, நிபுணர் பார்த்துப் பதில் சொல்வது இன்னொரு முறை. இரண்டாவதற்குக் குறைந்த இணைய வேகமே போதும். மார்பு சி.டி. ஸ்கேன் படங்கள் இப்படித்தான் வேறு ஊரில் இருந்த கதிரியக்க நிபுணர்களிடம் போயின.

தமிழ்நாட்டுக்கு இந்த முறை பெருந்தொற்றுக்கு முன்பே பழக்கமானது. மாரடைப்பு வந்தவரின் ஈ.சி.ஜி. படத்தைச் சிறிய மருத்துவமனையிலிருந்து இதய நிபுணருக்கு அனுப்பி, அவர் உறுதிசெய்ததும் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே கொடுத்துவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு மாற்றும் திட்டம் ஒன்று இங்கே நான்கு தொகுப்புகளில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2,420 நோயாளிகளைப் பற்றிய அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. இங்கேயும் முதல் மருந்தை ஏற்றியது சிறிய மருத்துவமனையின் கைதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். திரையால் ஒரு படுக்கையைக்கூட உருவாக்க முடியாது. வென்டிலேட்டரை இயக்கத் தெரிந்த செவிலியர் இல்லாத இடத்தில், அதை எப்படி அமைப்பது என்று தொலைவிலிருந்து சொல்லிப் பயனில்லை. மின்சாரம் போகும், சிக்னல் போகும். இன்று பேசிய நிபுணர் ஒன்று சொல்வார், நாளை பேசுபவர் வேறொன்று சொல்வார். குறிப்பேடு ஒழுங்காக இல்லையென்றால் நடுவில் இருப்பவர் திண்டாடுவார். தெரியாத நிபுணரிடம் சந்தேகம் கேட்கக் கூச்சம் இருக்கும். “இதுகூடத் தெரியாதா” என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், அந்த மருத்துவமனையிலிருந்து அடுத்த அழைப்பு வராது. தங்கையிடம் அந்த மாவட்ட மருத்துவரைப் பற்றி விசாரித்தபோது அவள் முதலில் சொன்னது அவருடைய அறிவைப் பற்றி அல்ல. “ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எரிஞ்சு விழ மாட்டாரு அண்ணா” என்றாள்.

ஆஸ்திரேலியாவின் பழைய கதை ஒன்றும் இங்கே பொருந்தும். அந்நாட்டின் பறக்கும் மருத்துவர் சேவை 1928-இல் தொடங்கியது. மின்சாரமே இல்லாத பண்ணை வீடுகளுக்கு, காலால் மிதித்து இயக்கும் வானொலிக் கருவியை ஆல்ஃபிரட் டிரேகர் என்ற பொறியாளர் செய்துகொடுத்தார். பிறகு ஒவ்வொரு பண்ணைக்கும் எண்ணிட்ட மருந்துகள் அடங்கிய பெட்டி ஒன்று தரப்பட்டது. மருந்தின் பெயர் தெரியாத பண்ணைக்காரரிடம், இத்தனையாம் எண் மாத்திரையைக் கொடுங்கள் என்று மருத்துவர் வானொலியில் சொல்வார். 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வான்வழிப் பள்ளி தொடங்கியபோது, பாடம் நடத்தப் பயன்பட்டதும் இதே வானொலிதான். நம் கல்வித் தொலைக்காட்சிக்கும் இ-சஞ்சீவனிக்கும் இப்படி ஒரு மூத்த உறவு உண்டு.

வகுப்பில் செய்து பார்க்க

எட்டாம் வகுப்பு முதல் இந்தச் செயல்பாட்டைச் செய்யலாம். இரண்டு மாணவர்களை முதுகோடு முதுகாக உட்கார வையுங்கள். ஒருவர் கையில் ஒரு பொருள், அவர் செவிலியர். மற்றவர் கையில் தாளும் பென்சிலும். அவர் தொலைவில் உள்ள மருத்துவர். மருத்துவர் கேள்வி கேட்டுக் கேட்டு அந்தப் பொருளை வரைய வேண்டும். பெயரைச் சொல்லக் கூடாது. முதல் சுற்றில் “எப்படி இருக்கு?”, “பெரிசா சின்னதா?” என்றுதான் கேட்பார்கள், படம் கோணலாக வரும். இரண்டாம் சுற்றில் “உன் சுண்டுவிரல் நீளத்துக்கு எத்தனை மடங்கு?” என்று கேட்கத் தொடங்குவார்கள். மூன்றாம் சுற்றில் இருவரும் இடம் மாற வேண்டும். செவிலியராக இருந்து பார்த்த பிள்ளை மருத்துவராகும்போது கேள்விகள் எவ்வளவு மாறுகின்றன என்று கவனியுங்கள். என் வகுப்பில் ஒரு மாணவி, “ஒரு நிமிஷம் இரு, நீ அத சரியா புடிச்சிக்கோ, அப்புறம் சொல்லு” என்றாள்.

அடுத்து, ஒரு மாணவரை இயல்பாக மூச்சுவிடச் சொல்லி, மற்றவர்களை வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். விடைகள் ஒத்துப்போகாது. ஏன் என்று அவர்களே பேசட்டும். யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே மூச்சின் வேகம் மாறும் என்பதை யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.

மாணவர்களுக்காகத் தொலைமருத்துவத்தை நாடும் ஆசிரியர்கள் சிலவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சிறாரோடு பெரியவர் ஒருவர் இருந்தால்தான் மருத்துவர் ஆலோசனை தரலாம். அந்தப் பெரியவர் யார் என்பதை மருத்துவர் உறுதிசெய்துகொள்வார். பெற்றோரிடம் சொல்லாமல் நாமாக அழைக்க வேண்டாம். அழைக்கும் முன் குழந்தையின் வயது, எடை, காய்ச்சல் எத்தனை நாள், ஏற்கெனவே எடுக்கும் மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால் ஆலோசனை எளிதாக முடியும். மருத்துவத் தகவலுக்கு 104. மனநலத்துக்கு 2022 அக்டோபர் 10 முதல் டெலி-மானஸ் என்ற தேசியச் சேவை இயங்குகிறது. எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். எங்கள் பள்ளியில் இந்த இரண்டு எண்களையும் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் எழுதியிருக்கிறோம். அறிவிப்புப் பலகை முன் நின்று இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளும் பிள்ளையை எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால், அந்த இடத்தைச் சொன்னதே பத்தாம் வகுப்பு மாணவிகள்தான்.